வடிவாக் கண்டனான்

1

நான் கோப்பை கழுவும் தெருவில் ஒருவர் செத்த வீடு ஒன்று இருக்கிறது. இப்படி எழுதியதும் ஊரில் இருக்கும் நீங்கள் பந்தலையும் வெள்ளைக் கொடியையும் நினைப்பீர்கள். அந்தச் செத்தவீடு அல்ல. அவர் செத்து நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது. சுவரில் ஒரு கல்லைப் பதித்து, இன்னார் இங்கே இறந்தார் என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் போர்தோ நகரத்துப் பிரெஞ்சுக்காரருக்குச் செத்தவனில் இருக்கும் மரியாதை உயிரோடு இருக்கிறவனில் இல்லை. அந்தக் கல்லுக்குக் கீழே மழைக்கு ஒதுங்கிய என்னை, வாசலை மறைக்காதே என்று ஒரு கிழவி குடையால் துரத்தினாள்.

வந்த நாளிலிருந்து அந்தக் கல்லுக்குக் கீழால்தான் றெஸ்ரோரன்ற் வேலைக்குப் போய் வருகிறேன். ஒருநாள் எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தேன். பெயர் 'கொய்யா' என்று வந்தது. வீட்டுக்குப் போய் மனைவி றெஜினாவிடம் சொன்னேன்.

"நான் வேலை செய்யிற தெருவிலை கொய்யா எண்டு ஒரு வீடு இருக்கு."

"பழம் விக்கிறவங்களோ? வித்தா ரெண்டு வாங்கிக்கொண்டு வாருங்கோ. எனக்கு வாய் கசக்குது."

மகள் செலின் குசினிக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. எங்கள் இருவரையும் பார்த்து வெட்கப்படுவதற்கு இந்த நாட்டில் அவளுக்கு வேண்டிய அளவு காரணங்கள் இருக்கின்றன. அன்றைக்கு இன்னொன்று கிடைத்தது.

"கொய்யா இல்லை அப்பா, கோயா. ஸ்பெயின் ராசாவின்ரை பெயின்ரர். நான் பள்ளிக்கூடத்துக்கு அவரைப் பற்றித்தான் எழுதிறன். வெளியிலை ஆருக்கும் உப்பிடிச் சொல்லிப்போடாதேங்கோ."

ராசாவின் பெயின்ரர் என்ற சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. நானும் பெயின்ரர்தான். அவருக்கு வாய்த்த மாதிரி எனக்கு அரண்மனை வாய்க்கவில்லை. ராசாக்கள் மட்டும் குறைவில்லாமல் வந்தார்கள்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம், கரம்பொன். போர்ட் எழுதுகிற சூசை என்றால் வேலணையிலும் தெரியும், நாரந்தனையிலும் தெரியும். சங்கக் கடைக்குப் பலகை, பஸ்ஸின் நெற்றியில் மாதா, வள்ளத்தின் முன் அணியத்தில் அந்தோனியார், சைவக்காரர் கேட்டால் மயிலோடு முருகன் என்று எல்லாம் என் கையால்தான். அந்தோனியாரின் முகமும் முருகனின் முகமும் ஒரே முகம் என்று சிலர் பகிடி பண்ணுவார்கள். எனக்குத் தெரிந்த வடிவான முகம் ஒன்றுதான், என்ன செய்வது?

பிறகு காலம் புரண்டது. இயக்கப் பெடியள் வந்து மதிலில் தங்கள் வாசகத்தை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். வேறு பெடியள் வந்து அதை அழித்துத் தங்களுடையதை எழுதச் சொன்னார்கள். அழித்தும் எழுதினேன். இந்திய ஆமி வந்தபோது முகாம் வாசலுக்கு ஹிந்தியில் ஒரு பலகை கேட்டார்கள். ஒரு கடதாசியில் எழுதித் தந்ததைப் பார்த்து அப்படியே கீறிக் கொடுத்தேன். கொடியில் உடுப்புக் காயப்போட்ட மாதிரி, மேலே ஒரு கோடு, கீழே தொங்கும் எழுத்து. என்ன எழுதினேன் என்று இன்றுவரை தெரியாது. கூலியாக மீன் ரின் தந்தார்கள். அவர்கள் கப்பலேறிப் போனதும் பெடியள் அதே பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து, "அண்ணை, மற்றப் பக்கம் சும்மாதானே கிடக்கு" என்றார்கள். மற்றப் பக்கத்திலும் எழுதினேன்.

கடைசியில் வந்த இலங்கை ஆமிக்காரர் என்னிடம் பலகை எழுதக் கேட்கவில்லை. அவர்கள் வந்த பிறகுதான் நான் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொழும்பு போய், அங்கிருந்து இந்த நாட்டுக்கு வந்தேன். வந்து அகதி வழக்குப் போட்டேன். வழக்கை நிராகரித்தார்கள். அப்பீல் போட்டேன். இதை எழுதத் தொடங்கும்போது அப்பீலுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதுவும் போனால் எங்களைப் பிடித்து அனுப்பலாம்.

றெஜினாவுக்கு அதிலும் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவளுடைய தம்பி யூட்டைக் கொன்றுவிட்டார்கள். ஊர்ப் பதிவில் அவன் 'காணாமல் போனவன்'. உடல் கிடைக்கவில்லை, மரணச் சான்றிதழும் இல்லை. போன வருடம் அவன் பெயரில் பூசை கேட்கப் போனபோது, இங்கத்தைச் சுவாமியார் காணாமல் போனவனுக்கு மரித்தோர் பூசை எப்படி ஒப்புக்கொடுப்பது என்று கேட்டார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம்.

"எங்கடை நாடு எழுதாட்டி இந்த நாடாவது எழுதட்டும். என்ரை தம்பியைச் சுட்டவங்கள் எண்டு ஒரு கடதாசியிலை இருந்தாக் காணும்."

3

செலின் கோயாவைப் பற்றிப் பிரெஞ்சில் எழுதுவாள். எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லுவாள். அவளுடைய தமிழ் இப்போது உருகின ஐஸ்பழம் மாதிரி, தடியைப் பிடித்துத் தூக்கினால் பாதி கீழே விழுகிறது.

"அவரின்ரை அப்பா தங்க நிறம் பூசுறவர். அவர் முதல் பாய்க்கு... இல்லை, சுவரிலை தொங்கவிடுற சீலைக்குப் படம் கீறினவர். பிறகு ராசாவின்ரை முதல் பெயின்ரர்."

அரச குடும்பத்தைக் கீறிய படம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது. றெஜினா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"உந்த ராணி ஆரோடையோ சண்டை கொழுவ வெளிக்கிட்டு நிக்கிறா. சம்பளம் தாறவளை உப்பிடிக் கீற விட்டவங்களோ?"

விட்டிருக்கிறார்கள். அதுதான் எனக்கும் விளங்கவில்லை. சங்கக் கடைத் தலைவரின் படத்தில் நான் உள்ளபடி ஒரு மருவைப் போட்டதற்கு, அந்த மனிதர் மூன்றாம் பேர் வழியாகத் தூதனுப்பி அதை அழிப்பித்தார்.

நாற்பது வயது கடந்த பிறகு கோயாவுக்குப் பெரிய நோய் வருத்தம் ஒன்று வந்து, காது முழுதாய்ச் செவிடாகியது. அதற்குப் பிறகுதான் பிரெஞ்சு ஆமி அவருடைய நாட்டுக்குள் புகுந்து, தங்கள் ஆளை ராசாவாக்கியது. கோயா அரண்மனையை விட்டு ஓடவில்லை. வந்த ராசாவுக்கும் வேலை செய்தார். ஒரு படத்தில் அந்தப் புது ராசாவின் முகத்தை ஒரு வட்டத்துக்குள் கீறியிருந்தாராம். ராசா ஊரை விட்டு ஓடியதும் முகத்தை அழித்து எழுத்துப் போட்டார்கள். ராசா திரும்பி வந்ததும் எழுத்தை அழித்து முகம். மறுபடி ஓடியதும் மறுபடி எழுத்து.

இதைச் செலின் சொன்னபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

"அது என்ரை பலகை!"

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. நீ சொல்லு."

பழைய அரச குடும்பம் திரும்பி வந்தபோது, அந்நியனுக்கு வேலை செய்தவர் யார் யார் என்று விசாரணை வைத்தார்களாம். கோயாவையும் விசாரித்தார்கள், குற்றமில்லை என்று விட்டார்கள். அந்த மனிதர் செவிடாயிருந்தும் தப்பினார். அவருக்கும் விசாரித்தவர்களுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கவில்லை என்பது என் எண்ணம்.

கடைசியாக இன்னொரு படத்தைக் காட்டினாள். பிரெஞ்சு ஆமி ஊர்ச்சனத்தை நிற்கவைத்துச் சுடுகிற படம். நிலத்தில் ஒரு விளக்கு. வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவன் இரண்டு கையையும் விரித்து நிற்கிறான். சுடுகிறவர்களுக்கு முகமில்லை, முதுகு மட்டும். நான் பார்த்தேன். றெஜினா பார்க்காமல் குசினிக்குள் போய்விட்டாள்.

"இதை நடந்து கனவருசத்துக்குப் பிறகுதான் கீறினவராம்," என்றாள் செலின். "நேரிலை பார்த்தவரோ எண்டு தெரியாதாம்."

நல்லது. அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

4

நான் நேரில் பார்த்தவன். அதைச் சொல்கிறேன்.

யூட் கடலுக்குப் போகிறவன். றெஜினா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. ஆமி தீவுக்குள் இறங்குகிறது என்று கதை அடிபட்ட கிழமை அது. ஓடுவதா, நிற்பதா என்று ஊர் இரண்டுபட்டு நின்றது. எனக்குப் பெருநாளுக்கு முன் கோயில் மணிக்கோபுரத்துக்குப் பெயின்ற் அடித்து முடிக்க வேண்டியிருந்தது. தடிகளைக் கட்டி, மேலே பலகை போட்டு ஏறி நின்றேன். மதியத்துக்கு றெஜினா யூட்டிடம் எனக்குச் சோறு கொடுத்து விட்டாள்.

அவன் கோயில் மதிலடிக்கு வரவும் லொறிகள் வரவும் சரியாக இருந்தது. நான் பலகையில் குப்புறப் படுத்துவிட்டேன். ஏற்கெனவே தெருவில் பிடித்த சிலரை மதிலுக்கு அப்பால் பனை வடலிக் காணிக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யூட்டையும் அவர்களோடு நிறுத்தினார்கள். ஒருவன் சோற்றுப் பொட்டலத்தைப் பறித்து, அவிழ்த்து, காட்டிக் காட்டிக் கேட்டான். கடற்காற்று பலமாக இருந்தது, எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆருக்கு என்று கேட்டிருப்பான். யூட் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். எனக்குத்தான் என்று சொன்னான் போல. அவன் முகத்தில் அடித்தார்கள். அவன் திரும்பவும் தன் நெஞ்சைத் தொட்டான். பிறகு கையைப் பின்னால் கட்டினார்கள்.

நான் மேலே படுத்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். கடைசிவரை ஒருதரமும் அவன் மேலே பார்க்கவில்லை.

வெய்யில் உச்சியில் நின்றது. கோயா கீறிய மாதிரி இருட்டுமில்லை, விளக்குமில்லை. கையை விரிக்க அவனுக்குக் கையுமில்லை. வெடி மட்டும் எனக்குக் கேட்டது. உடல்களை லொறியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சோறு மணலில் கிடந்தது.

இதைத்தான் பாரிசில் அகதிக் காரியாலயத்தில் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பிரெஞ்சுப் பெண், விரல் தட்டெழுத்துப் பொறியில். எனக்குப் பக்கத்தில் புதுச்சேரிக்காரர் ஒருவர் மொழிபெயர்ப்பாளர். வயதான, மரியாதையான மனிதர். கழுத்தில் ரை.

"பயப்படாம சொல்லுங்க சார். நான் இருக்கேன்ல," என்றார். தமிழைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. மடையன் நான்.

என்ன வேலை செய்தீர் என்று கேட்டபோது பெயின்ரர் என்றேன். அந்தச் சொல்லைப் பிரெஞ்சில் போட்டால் ஓவியர் என்றுதான் வருமாம். என்ன படங்கள் கீறினீர் என்று அந்தப் பெண் ஆர்வமாய்க் கேட்டாள். அந்தோனியார், முருகன், பஸ் என்றேன். யாருக்கு வேலை செய்தீர் என்றாள். எல்லாருக்கும் என்றேன். பிறகு யூட்டின் கதைக்கு வந்தோம். முழுவதையும் சொன்னேன்.

"அவ்ளோ உயரத்துல இருந்து பார்க்க எப்படி இருந்துச்சுன்னு கேக்கறாங்க."

"வடிவாக் கண்டனான் ஐயா. எல்லாம் வடிவாத் தெரிஞ்சது."

உங்களுக்கு விளக்கம் வேண்டாம். வடிவு என்றால் எங்களுக்கு அழகும்தான், வடிவாய்க் கண்டேன் என்றால் தெளிவாய்க் கண்டேன் என்பதுதான். அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, தன் கடமையைச் சரியாகச் செய்கிற மனிதர் என்பதால், நான் எதைச் சொன்னேன் என்று அவர் நினைத்தாரோ அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார். அந்தப் பெண் பொறியிலிருந்து விரலை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக இரங்குகிறாள் என்று நினைத்து நான் அவளுக்கு நன்றி சொன்னேன்.

5

நிராகரித்த கடதாசி வந்தபோது செலினுக்குப் பதினொரு வயது. வீட்டில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். குசினி மேசையில் வைத்து, விரலை ஊன்றி ஊன்றி வாசித்தாள்.

"இவர் ஓவியராம்... இவர் எல்லாப் பக்கத்துக்கும் வேலை செய்தவராம்... பிறகு, பிறகு, ஆக்களைச் சுட்டது பார்க்க வடிவா இருந்தது எண்டு சொன்னவராம். அதாலை இவரின்ரை கதையை நம்பேலாதாம்."

றெஜினாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவள் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்து, அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள்.

"ஒரு சொல்லாலை என்ரை தம்பியை அழிச்சுப்போட்டாங்கள்."

நான் மொழிபெயர்ப்பாளரைத் திட்டினேன், காரியாலயத்தைத் திட்டினேன், பிரெஞ்சுக்காரரின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம், திட்டினோம். மேசையடியில் கடதாசியோடு நின்ற பிள்ளைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் விளங்கியிருக்கும் என்று நினைத்துவிட்டோம். எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு எங்கள் சொல் தெரியாமல் இருக்குமா?

இப்போது இந்த வருடத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, செலின் தன் கட்டுரைக்கு அந்தக் கல்லைப் பார்த்துக் கீறவேண்டும் என்றாள். நானும் போனேன். எனக்கு அந்தத் தெருவில் வேலையில்லாமல் நிற்பது அதுதான் முதல் தடவை. அவள் கீறிக்கொண்டே கோயாவின் கடைசிக் காலத்தைச் சொன்னாள்.

எழுபத்தெட்டு வயதில் அவர் ஸ்பெயினை விட்டு வெளிக்கிட்டார். நாட்டில் இருக்கப் பயம் என்று சொல்லவில்லை. சுகமில்லை, பிரான்சில் வெந்நீர் ஊற்றில் குளிக்கவேண்டும் என்று ராசாவிடம் லீவு கேட்டார். ராசாவும் கொடுத்தார், சம்பளமும் தொடர்ந்தது. உண்மையைச் சொல்லாமல் வந்தவருக்குக் கல்லில் பெயர். உண்மையைச் சொன்ன எனக்கு நிராகரிப்பு. பிரெஞ்சு அவருக்கு ஒரு சொல்லும் தெரியாதாம். தெரிந்தென்ன, செவிடனுக்கு எந்தப் பாஷையும் ஒன்றுதான். இந்தக் குளிருக்குள் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"செத்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு எலும்பை ஸ்பெயினுக்குக் கொண்டுபோக எண்டு கிண்டினவங்கள். தலை இல்லையாம்."

"தலை எங்கை?"

"ஆருக்கும் தெரியாது. தலை இல்லாமல்தான் ஊருக்குப் போனவர்."

பிறகு அவள் பென்சிலை நிறுத்திவிட்டு, "அப்பா, ஒண்டு கேக்கட்டோ? கோவிக்கமாட்டியளே?" என்றாள்.

"கேள்."

"அவரும் உங்களை மாதிரித்தானே? சுடுறது பார்க்க வடிவா இருந்தபடியால்தானே கீறினவர்? நான் அப்பிடித்தான் எழுதியிருக்கிறன். என்ரை அப்பாவும் பெயின்ரர், அவருக்கும் மாமாவைச் சுட்டது வடிவாத் தெரிஞ்சது எண்டு. ரீச்சர் அது நல்ல கருத்து எண்டு சொன்னவா."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கறுப்பு மனிதன் ஒருவன் ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்துக் கத்துகிறான், வேறென்ன தெரியும் அவர்களுக்கு? செலின் அழவில்லை. பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு எனக்கு முன்னால் விறுவிறென்று வீட்டுக்கு நடந்தாள்.

இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை இதைத் தனக்குள் வைத்திருந்திருக்கிறது. தன் மாமாவைச் சுட்டதை அப்பன் ரசித்துப் பார்த்தான் என்று நினைத்துக்கொண்டு, அதே அப்பனுக்குப் பக்கத்தில் இருந்து சோறு தின்றிருக்கிறது. என்னை வெறுக்கவும் மனமில்லாமல், என்னை நல்லவனாக்குவதற்கு ஒரு வழி தேடியிருக்கிறது. கடைசியில் ராசாவின் பெயின்ரர் ஒருவரைக் கண்டுபிடித்து எனக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறது.

வீட்டில் றெஜினாதான் அவளைப் பிடித்து இருத்தினாள்.

"இஞ்சை பார். காலமை உனக்கு என்ன சொன்னனான்? சீப்பாலை வடிவாத் தலையை இழு எண்டனானோ?"

"ஓம்."

"கதவை வடிவாச் சாத்து எண்டு சொன்னா என்ன செய்வாய்? கதவுக்குப் பூ வைப்பியோ?"

"இல்லை. இறுக்கிச் சாத்துவன்."

"காசை வடிவா எண்ணிப் பார் எண்டா?"

செலின் தாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அப்பா..."

"அப்பா அவனை வடிவாக் கண்டவர். எங்கடை சனத்திலை அவனைக் கடைசியாக் கண்டது அந்தாள் ஒருத்தர்தான்."

அப்போதுதான் அவள் அழுதாள். "ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள்.  கட்டுரையை ரீச்சர் ஏற்கெனவே வாசித்துப் பாராட்டிவிட்டார். அடுத்த நாள் அவள் போய் அந்த இடத்தைத் திருத்தவேண்டும் என்று ரீச்சரிடம் கேட்டாளாம். வேண்டாம், அந்த இடம்தான் மிகவும் நன்றாக இருக்கிறது என்று ரீச்சர் சொல்லிவிட்டாராம்.

6

அப்பீலுக்கு எங்கள் வக்கீல் பெண்ணிடம் வடிவு என்ற சொல்லின் கதை முழுவதையும் செலின்தான் விளக்கினாள். வக்கீல் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். எனக்கு ஒரு புத்தியும் சொன்னார்: இந்த முறை அந்தச் சொல்லை வாயில் எடுக்காதே.

றெஜினா எனக்கு வாத்தியாரானாள். நான் கோப்பை கழுவி வந்து, காலில் சப்பாத்தோடு குசினியில் நிற்பேன். அவள் பிரெஞ்சுக்காரியாகிக் கேள்வி கேட்பாள்.

"எப்பிடிக் கண்டனீர்?"

"நன்றாகப் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தனான்."

"பார்த்தனான் எண்டு சொல்ல வருது வாயிலை. பார்த்தேன் எண்டு சொல்லுங்கோ."

"பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன்."

நாற்பத்தாறு வயதில் தமிழ் பழகினேன். மச்சானைச் சுட்டதை மற்றவன் தமிழில் சொல்லப் பழகினேன். யூட்டை 'அவன் சுடப்பட்டான்' என்று சொல்லும்போது, அது வேறு யாரோ ஒருவன் போல இருந்தது. சிலவேளை அதனால்தான் வாய் நடுங்காமல் சொல்ல முடிந்தது.

பாரிசில் மன்று ஒரு நீளமான அறை. நடுவில் தலைவர், இரண்டு பக்கமும் இரண்டு பேர். மொழிபெயர்க்க வந்தவர் இளம் ஆள். பெயரையும் ஊரையும் கேட்டபோது நான் வாயைத் திறந்து, "நான் யாழ்ப்பாண மாவட்டத்தில் உள்ள தீவு ஒன்றில் வசித்து வந்தேன்" என்று தொடங்கியதும், அவர் குனிந்து என் காதருகில் கேட்டார்.

"அண்ணை, நானும் தீவான்தான், அல்லைப்பிட்டிப் பக்கம். ஏன் படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறியள்? சும்மா எங்கடை மாதிரிக் கதையுங்கோ."

பழகியது எல்லாம் போயிற்று. ஆனாலும் ஒரு பெரிய ஆறுதல், இனி எங்கள் வாயால் சொல்லலாம். யூட் நெஞ்சைத் தொட்டதைச் சொல்லலாம். அவன் மேலே பார்க்காததைச் சொல்லலாம். நான் மூச்சு எடுத்தேன்.

தலைவர் கையை உயர்த்தி வக்கீலைப் பேசச் சொன்னார். வக்கீல் பேசினார். தீவுகளின் நிலைமை, தமிழரின் நிலைமை, வந்த செய்திகள், எழுதிய அறிக்கைகள். பிறகு தலைவர் என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"இப்ப உங்கடை ஊரிலை ஆரின்ரை கட்டுப்பாடு எண்டு கேக்கிறார், அண்ணை."

"ஆமியின்ரை," என்றேன்.

அவ்வளவுதான். நான் எழும்பவில்லை. இன்னும் சொல்ல இருக்கிறது என்றேன். இளம் ஆள் அதையும் சொன்னார். எல்லாம் வழக்குக் கோவையில் இருக்கிறது, நன்றி என்று தலைவர் தலையசைத்தார். வெளியில் நடைபாதை வாங்கில் இருந்த அடுத்த வழக்குக்காரர் எழும்பி, சேட்டுக் கொலரைச் சரிபண்ணிக்கொண்டு நின்றார். செவிடன் காதில் சங்கை ஊதுவது ஒருவிதம். சங்கை வாயில் வைக்கவே விடாதது இன்னொரு விதம்.

மன்றுக்கு வெளியில் காத்திருந்த றெஜினா ரயிலில் திரும்பி வரும்போது கேட்டாள், "யூட்டைப் பற்றிச் சொன்னனீங்களோ?"

"வக்கீல் எழுதிக் குடுத்திருக்கிறா. எல்லாம் அதிலை இருக்குது," என்றேன்.

7

போன கிழமை முடிவு வந்தது. வேலைக்குப் போக வெளிக்கிட்ட நான் திரும்பி வந்து கதிரையில் இருந்துவிட்டேன். உறையைப் பிரிக்க என் கை வரவில்லை. செலின் பள்ளிக்கூடப் பையைத் தோளில் போட்டபடியே பிரித்தாள். முதல் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் கட்டிப் பிடித்தாள்.

"ஓம் எண்டு போட்டிருக்கு! எங்களை ஏற்றுக்கொண்டிருக்கினம் அப்பா! இனி ஒருத்தரும் அனுப்பேலாது!"

நான் சிலுவை போட்டேன். மகளின் தலையைத் தடவினேன். இனிக் களவாய்க் கோப்பை கழுவத் தேவையில்லை, பத்திரத்தோடு கழுவலாம். சந்தோசம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

றெஜினா மேசையில் எனக்கு எதிரே வந்து இருந்தாள். உடுப்பின் கரையால் கையைத் துடைத்தாள்.

"முதலிலை இருந்து வாசி பிள்ளை. மாமாவைப் பற்றி என்ன எழுதியிருக்கினம்?"

செலின் நின்றபடி வாசித்தாள். எங்கள் பெயர்கள், பிறந்த திகதிகள், பிறந்த தீவு. அந்தத் தீவின் பொது நிலைமையையும் மனுதாரரின் இனத்தையும் பார்க்கும்போது, திரும்பிப் போனால் ஆபத்து வரும் என்று மன்று கருதுகிறது. அதற்குப் பிறகு ஒரு வரியில் அவள் நின்றுவிட்டாள். திரும்பவும் வாசித்தாள். தாயின் முகத்தைப் பார்க்காமல் தமிழாக்கினாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, இது சரியோ என்று யோசித்து யோசித்து வைத்தாள்.

"இது போதும் எண்டபடியாலை... மனுதாரர் சொன்ன மற்ற விசயங்கள்... நடந்ததோ இல்லையோ எண்டு... ஆராயத் தேவையில்லை."

"மற்ற விசயம் எண்டா?"

"மாமா, அம்மா."

"அவன்ரை பேர்?"

செலின் கடதாசியைப் புரட்டினாள். முன்னும் பின்னும் பார்த்தாள்.

"இல்லை அம்மா. பேர் இல்லை."

றெஜினா கையை நீட்டி அந்தக் கடதாசியை வாங்கினாள். அவளுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். பிறகு அதை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப இவங்கள் ஆரை நம்பினவங்கள்?"